நெஞ்சின் நோயும் நெஞ்சத்தின் நோவும்

யூனானி மருத்துவ நூல்களைப் புரட்டுவோர் ‘முஃபர்ரிஹ்’ என்னும் சொல்லை அடிக்கடி காண்பர். இதயத்துக்கு வலுவூட்டும் மருந்துகளுள் ஒரு வகைக்கு வழங்கும் பெயர் அது. ‘ஃபரஹ்’ என்றால் மகிழ்ச்சி. ‘முஃபர்ரிஹ்’ என்றால் மகிழ்ச்சியூட்டுவது. நெஞ்சுப் படபடப்பு உடையவருக்குக் கொடுக்கும் மருந்துக்கு மகிழ்ச்சியூட்டி என்று ஏன் பெயரிட்டார்கள்? உறுப்பின் நோயைப் பற்றிப் பேசுமிடத்தில் உள்ளத்தின் மகிழ்ச்சிக்கு என்ன வேலை?

இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தால் ஆயிரம் ஆண்டு வரலாறு நம்முன் விரிகிறது. இதயத்தின் நோயும் மனத்தின் சோர்வும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை என்று பண்டை மருத்துவர் கருதினர். பிற்கால மருத்துவம் அவ்விரண்டையும் பிரித்து, வெவ்வேறு மருத்துவரிடம் ஒப்படைத்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலேதான், எண்ணிக்கையும் சான்றும் கூடிய ஆய்வுகளின் வழியே, அவை மீண்டும் ஒன்றுசேர்ந்தன.

இவ்வரலாற்றைப் பழம்பெருமை பேசுவதற்காக ஈண்டு எழுதவில்லை. மாரடைப்புக்குத் தப்பி வீடு திரும்பிய ஒருவர் பேச்சுக் குறைந்து, உணவு குறைந்து, எதிலும் விருப்பமற்று அமர்ந்திருக்கும்போது, ‘பாவம், ஓய்வெடுக்கிறார்’ என்று எண்ணி நாம் வாளாவிருந்து விடுகிறோம். அந்த அமைதிக்குள் இன்னொரு நோய் இருக்கலாம் என்பதை உணர்த்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பல்கு நகரத்து அறிஞர்

அபூ ஸைத் அல்-பல்கீ அவர்கள் ஏறத்தாழ கி.பி. 850இல், இன்று ஆஃப்கானிஸ்தானில் அடங்கியுள்ள பல்கு நகரை அடுத்த சிற்றூர் ஒன்றில் பிறந்தவர், 934இல் மறைந்தவர். நிலப்படக் கலையில் ஒரு தனி மரபையே தோற்றுவித்த புவியியலறிஞர் என்றே உலகம் அவரை நெடுங்காலம் அறிந்திருந்தது. அவர் இயற்றிய மருத்துவ நூல் ஒன்று இஸ்தான்புல் நகரத்து ஆயா ஸோஃபியா ஏட்டுத் தொகுதியில் இருந்து, 1984இல் பேராசிரியர் ஃபுஆத் ஸெஸ்கின் அவர்களின் முயற்சியால் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் நேர்ப்படிப் பதிப்பாக வெளிவந்தது. ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்பது நூலின் பெயர். ‘உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலம் தருவன’ என்று அதற்குப் பொருள் கூறலாம்.

பெயருக்கேற்ப நூல் இரு பகுதிகளாக அமைந்துள்ளது. உடலும் உள்ளமும் இணைந்தே மனிதன் ஆகிறான். ஒன்று நோயுற்றால் மற்றதும் தாக்குறும். ஆதலின் உடலுக்கு மட்டும் மருந்து கூறி உள்ளத்தை விட்டுவிடும் மருத்துவம் பாதி மருத்துவமே என்பது அவர் கொள்கை. துயரத்தை அவர் இருவகையாகப் பிரிக்கிறார். காரணம் தெரிந்த துயரம் ஒன்று. உற்றாரை இழத்தல், பொருளை இழத்தல் போன்றவற்றால் வருவது அது. காரணம் தெரியாத துயரம் மற்றொன்று. இன்னதென்று சொல்லவொண்ணாத ஒரு சுமை உள்ளத்தை அழுத்த, எதிலும் இன்பம் காண இயலாத நிலை அது. இவ்விரண்டாவது வகை உடலிலிருந்தே எழுகிறது என்று கூறி, அதற்கு இன்சொல்லும் வேண்டும், மருந்தும் வேண்டும் என்று அவர் விதிக்கிறார்.

இப்பிரிவினையின் அருமையை நாம் சற்றே நின்று நோக்க வேண்டும். துயருற்ற மனிதனை நோக்கி ‘உனக்கு என்ன குறை? எதற்காக இப்படி இருக்கிறாய்?’ என்று அதட்டுகின்ற வழக்கம் எக்காலத்திலும் உண்டு. குறை ஒன்றும் சொல்லத் தெரியாத துயரமும் துயரமே, அதுவும் மருத்துவத்துக்கு உரியதே என்று பத்தாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தவர் பல்கீ அவர்கள். சோர்வை நம்பிக்கைக் குறைவென்றோ மனவலிமைக் குறைவென்றோ இகழாமல், நோய்களின் வரிசையிலே வைத்து ஆராய்ந்தார் அவர்.

இப்னு ஸீனாவின் இதய மருந்து நூல்

பல்கீ அவர்கள் உடலையும் உள்ளத்தையும் பொதுவாக இணைத்தார் எனில், இதயத்தையும் உள்ளத்தையும் தனியாக எடுத்து இணைத்தவர் இப்னு ஸீனா அவர்கள் ஆவர். கி.பி. 980இல் புகாரா நகரை அடுத்துப் பிறந்து, 1037இல் ஹமதானில் மறைந்த அம்மேதையின் ‘அல்-கானூன்’ என்னும் பெருநூலை அறியாதார் இலர். அவர் எழுதிய சிறுநூல் ஒன்று அவ்வளவு பரவலாக அறியப்படவில்லை. ‘அல்-அத்வியத்துல் கல்பிய்யா’, அதாவது ‘இதயத்துக்குரிய மருந்துகள்’ என்பது அது. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த வில்லனோவா ஊரினரான அர்னால்டு என்னும் மருத்துவர் இதனை இலத்தீனில் பெயர்த்தார். டில்லி ஹகீம் அப்துல் ஹமீத் அவர்களின் பதிப்பாக 1983இல் இதன் ஆங்கில வடிவம் வெளிவந்தது.

இந்நூலில் வியப்பானது யாதெனில், இதயத்தின் மருந்துகளைக் கூறப் புகுந்த ஆசிரியர் முதற்பகுதியில் மகிழ்ச்சியும் துயரமும் எவ்வாறு உண்டாகின்றன என்றே ஆராய்கிறார். இதயத்தின் இடப்புற அறையில் ‘ரூஹ்’ என்னும் நுண்ணிய உயிராற்றல் உருவாகிறது; அது போதிய அளவில், தெளிவாக, ஒளியுடன் இருப்பின் மனிதன் மகிழ்ச்சிக்கு இசைந்தவனாக இருக்கிறான்; அது குறைந்தோ கலங்கியோ போயின் துயரத்துக்கு இசைந்தவனாகிறான் என்பது அவர் கருத்து. அது எவரிடம் குறைந்திருக்கும்? நோயிலிருந்து தேறி வருவோரிடமும், நெடுநாள் பிணியால் நலிந்தோரிடமும், முதியோரிடமும் என்று அவர் விடை கூறுகிறார்.

ஆழ்ந்து நோக்கத்தக்கது இக்கூற்று. நோய் முற்றியிருக்கும் வேளையினும், நோய் தணிந்து தேறிவரும் வேளையே துயரம் புகுவதற்கு ஏற்ற வேளை என்பதை அவர் கண்டறிந்து கூறியிருக்கிறார். அடுத்தடுத்து வரும் துயரம் உள்ளத்தை மேலும் துயரத்துக்கே பழக்கி விடும் என்பதும், மகிழ்ச்சியும் அவ்வாறே தன்னைத் தானே வளர்க்கும் என்பதும் அவர் கூறும் மற்றோர் உண்மை.

பின்னர் அவர் மருந்துகளை வரிசைப்படுத்துகிறார். குங்குமப்பூ, கஸ்தூரி, அம்பர், முத்து, பட்டுக்கூடு, நம் நாட்டு ஹகீம்கள் காவ்ஸபான் என்று வழங்கும் மூலிகை ஆகியன அவற்றுள் சில. முஃபர்ரிஹ் என்னும் பெயரின் உட்பொருள் இப்போது நமக்கு விளங்குகிறது. இதயம் தேறினால் மனம் தேறும். மனம் தேறினால் இதயம் தேறும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே.

கானூனிலும் இக்கருத்தின் நிழலைக் காணலாம். சினம், அச்சம், மகிழ்ச்சி, துயரம் ஆகிய ஒவ்வொன்றும் நாடியை எவ்வாறு மாற்றுகின்றன என்று அவர் விவரிக்கிறார். காதல் நோயால் மெலிந்தவனின் நாடியைப் பிடித்துக்கொண்டு ஊர்ப்பெயர்களையும் ஆட்பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லச் செய்து, நாடி துள்ளும் இடத்தைக் கொண்டு மறைபொருளைக் கண்டறியும் முறையும் அதில் உண்டு.

உண்மையை உள்ளவாறே கூறுவதாயின், இதய அறையில் ரூஹ் உருவாகிறது என்னும் கோட்பாட்டை இன்றைய அறிவியல் ஏற்கவில்லை. முத்தும் அம்பரும் மாரடைப்பைத் தீர்க்கும் என்று எவரும் நம்பிவிடலாகாது. இப்னு ஸீனாவின் விளக்கம் காலத்தோடு கழிந்தது. இதயநோயாளியின் துயரத்தை மருத்துவன் கேட்டறிய வேண்டும் என்னும் அவர் நோக்கு கழியவில்லை.

இதயம் நீரேற்றும் பொறியானது

இதயத்தைப் பற்றிய அறிவு வளர வளர, அந்நோக்கு மெல்ல மங்கிற்று. டமாஸ்கஸில் கற்று கெய்ரோவில் வாழ்ந்து 1288இல் மறைந்த இப்னு நஃபீஸ் அவர்கள், இதயத்தின் வலப்புற அறையிலிருந்து இடப்புற அறைக்குக் குருதி நேரே கசிந்து செல்வதில்லை, நுரையீரல் வழியாகவே செல்கிறது என்று முதன்முதலில் எழுதினார். 1628இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி, குருதி உடலெங்கும் சுற்றி வருவதை மெய்ப்பித்தார். மருத்துவ வரலாற்றின் பொன்னேடுகள் இவை. ஆயினும் ஹார்விக்குப் பின் வந்தோர் இதயத்தை நீரேற்றும் பொறியாக மட்டுமே காணத் தலைப்பட்டனர். பொறிக்கு மகிழ்ச்சி ஏது? துயரம் ஏது?

ஹார்வி அவ்வாறு எண்ணினாரல்லர். உள்ளத்தின் இன்பமும் துன்பமும், நம்பிக்கையும் அச்சமும் இதயம் வரை எட்டுகின்றன என்று அவரே குறித்துள்ளார். அவர் கண்டுபிடிப்பைப் போற்றியோர் அக்குறிப்பைப் போற்றவில்லை.

1768இல் வில்லியம் ஹெபர்டன் என்னும் இலண்டன் மருத்துவர், நடக்கும்போது மார்பை இறுக்கிப் பிடிக்கும் வலியைத் தெளிவாக விவரித்துப் பெயரிட்டார். அக்காலத்துப் புகழ்பெற்ற அறுவை மருத்துவரான ஜான் ஹன்டருக்கும் அந்நோய் இருந்தது. தம்மைச் சினமூட்ட எண்ணும் எந்தப் போக்கிரியின் கையிலும் தம் உயிர் இருக்கிறது என்று அவர் கூறுவது வழக்கமாம். அவர் சொன்னபடியே, 1793 அக்டோபர் 16ஆம் நாள் மருத்துவமனைக் குழுக் கூட்டம் ஒன்றில் எழுந்த வாக்குவாதத்தின்போது அவர் உயிர் பிரிந்தது.

இந்நிகழ்ச்சியைப் பலரும் எடுத்துரைப்பர். அதனினும் நெஞ்சைத் தொடுவது அவர் மாணவர் எட்வர்டு ஜென்னரின் செயல். பின்னாளில் அம்மைப்பால் கண்டு உலகப் புகழ் எய்திய அதே ஜென்னர்தாம். இதயத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் நாளங்கள் கெட்டிப்படுவதே அந்நோயின் காரணம் என்று அவர் பிணச்சோதனைகளால் உய்த்துணர்ந்திருந்தார். தம் ஆசிரியருக்கும் அந்நோயே என்பதையும் அறிந்திருந்தார். தாம் கண்டதை வெளியிட்டால் ஆசிரியர் தேறும் நம்பிக்கையையே இழந்து விடுவாரே என்று அஞ்சி, 1778இல் ஹெபர்டனுக்கு எழுதிய கடிதத்தில் அத்தயக்கத்தைக் குறிப்பிட்டு, மௌனம் காத்தார். இதயநோயாளிக்கு நம்பிக்கை இழப்பது எத்துணைக் கேடு என்பதை அவர் உணர்ந்திருந்தார். அதற்கு மௌனத்தை விடச் சிறந்த மருந்து அன்று அவரிடம் இல்லை.

படுக்கையில் ஒரு சிறை

1912இல் சிகாகோ நகர மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், இதய நாளத்தில் குருதி உறைவதால் வரும் மாரடைப்பிலிருந்து மனிதன் பிழைக்கவும் கூடும் என்று காட்டினார். பிழைத்தவனை என்ன செய்வது? அசையாது படுக்க வைப்பதே முறை என்று மருத்துவ உலகம் முடிவு செய்தது. நான்கு வாரம், ஆறு வாரம் என நோயாளிகள் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தனர். உணவைப் பிறர் ஊட்டினர். புரண்டு படுப்பதற்கும் பிறர் உதவினர். உடல் தளர்ந்தது, குருதி உறைந்தது, அதனினும் மேலாக, ‘நான் இனி ஒன்றுக்கும் உதவாதவன்’ என்னும் எண்ணம் வேர்விட்டது.

அமெரிக்காவின் போஸ்டன் நகரில் சாமுவேல் லெவின், பெர்னார்டு லௌன் என்னும் இரு மருத்துவர்கள் இதனை எதிர்த்தனர். மாரடைப்பு வந்த முதல் நாட்களிலேயே நோயாளியைச் சாய்வு நாற்காலியில் அமர்த்தினர். 81 நோயாளிகளிடம் கண்ட பயனை 1952இல் வெளியிட்டனர். நாற்காலியில் அமர்ந்தவர்கள் உடலால் மட்டுமன்றி உள்ளத்தாலும் நிமிர்ந்தனர். 1955இல் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்து, அவர் தேறி, மறு ஆண்டுத் தேர்தலிலும் வென்றபோது, இதயநோயாளி மீண்டும் உழைக்கலாம் என்பதை உலகமே கண்டது.

1960களில் இதயநோய்க்கெனத் தனித் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் தோன்றின. போஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் தாமஸ் ஹாக்கெட், நெட் காசெம் ஆகிய மனநல மருத்துவர்கள் அப்பிரிவிலேயே நோயாளிகளோடு பேசி ஆராய்ந்தனர். காசெம் ஒரு கத்தோலிக்கப் பாதிரியாரும் ஆவார். முதலிரு நாட்களில் அச்சம் மேலோங்கும். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் சோர்வு தலைதூக்கும் என்று 1971இல் அவர்கள் எழுதினர். வீடு திரும்பிய பின்பே அச்சோர்வு மிகுதியாக வெளிப்படுவதையும் அவர்கள் குழு கண்டது. தேறிவருவோரே துயரத்துக்கு இசைந்தவர் என்ற இப்னு ஸீனாவின் கூற்று இங்கு நம் நினைவுக்கு வருகிறது.

மான்ட்ரியல் நகரத்து 222 பேர்

இத்துணை கண்டும், சோர்வு என்பது இதயநோயின் இயல்பான நிழல் என்றே மருத்துவர் பலரும் கருதினர். ‘மாரடைப்பு வந்தவன் வருந்தாமல் இருப்பானா?’ என்று கேட்டு நகர்ந்தனர். 1937இலேயே பெஞ்சமின் மால்ஸ்பெர்க் என்பவர், நியூயார்க் மாநில மனநல மருத்துவமனைகளில் கடுஞ்சோர்வுற்றோரிடையே இதயநோய்ச் சாவு மிகுந்திருப்பதைக் கணக்கிட்டுக் காட்டியிருந்தார். அக்கணக்கும் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

திருப்பம் 1993இல் வந்தது. கனடாவின் மான்ட்ரியல் இதய மையத்தில் நான்சி ஃபிராஷூர்-ஸ்மித், ஃபிரான்சுவா லெஸ்பெரான்ஸ், மரியோ தலாஜிக் ஆகியோர் மாரடைப்புக்குத் தப்பிய 222 பேரைச் சந்தித்தனர். நோய் வந்த இரு வாரங்களுக்குள், வீடு திரும்பும் முன்னரே, ஒவ்வொருவரின் மனநிலையையும் முறையாக வினவிக் குறித்தனர். நூற்றுக்குப் பதினாறு பேருக்குக் கடுமையான மனச்சோர்வு நோய் இருந்தது. ஆறு மாதம் கழிந்தது. அதற்குள் 12 பேர் இறந்திருந்தனர். இதயத்தின் பழுது எவ்வளவு, முன்னர் மாரடைப்பு வந்ததுண்டா என்பன போன்றவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தபின்னும், சோர்வுற்றோர் இறக்கும் வாய்ப்பு ஏனையோரினும் நான்கு மடங்குக்கு மேல் இருந்தது.

இவ்வெண்கள் மருத்துவ உலகை உலுக்கின. அடுத்தடுத்து நடந்த ஆய்வுகளில் இம்மடங்கு கூடியும் குறைந்தும் வந்ததாயினும், மனச்சோர்வு இதயநோயாளியின் ஆயுளைக் குறைக்கிறது என்னும் அடிப்படை உறுதிப்பட்டது. கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் ஸலீம் யூஸுஃப் அவர்களின் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளிவந்த பேராய்வு, முதல் மாரடைப்புக்குரிய ஒன்பது காரணங்களுள் மனவழுத்தம், மனச்சோர்வு ஆகியவற்றையும் ஒன்றாகச் சேர்த்தது. அவ்வாய்விலேயே, தென்னாசியர்க்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது என்றும், ஏனைய நாட்டினர்க்கு ஏறத்தாழ 59 வயதில் வருகிறது என்றும் பின்னர்க் கணித்தனர். குடும்பப் பொறுப்புகள் தலைமேல் இருக்கும் வயதிலேயே நம்மவர் இந்நோய்க்கு ஆளாகின்றனர். 2014இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் வல்லுநர் குழு, மாரடைப்புக்குப் பின் வரும் மனச்சோர்வையும் ஓர் ஆபத்துக் காரணமாகவே முறைப்படி ஏற்கலாம் என்று பரிந்துரைத்தது.

சோர்வு எவ்வழியே இதயத்தைத் தாக்குகிறது? வழிகள் பல. சோர்வுற்றோரின் உடலில் அழற்சி மிகுகிறது. குருதித் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. நேரத்துக்கேற்ப இதயத் துடிப்பு நெகிழ்ந்து மாறும் தன்மை குறைகிறது. இவற்றோடு கண்ணுக்குத் தெரியும் வழி ஒன்றும் உண்டு. வாழ்வில் பிடிப்பிழந்தவர் மாத்திரையை விழுங்க மறக்கிறார், நடைப்பயிற்சியைக் கைவிடுகிறார், விட்ட புகையை மீண்டும் தொடுகிறார், மருத்துவரிடம் போகும் நாளைத் தள்ளிப்போடுகிறார்.

மருந்து உண்டா?

நோய் என்று ஒப்பிய பின் மருந்தைத் தேட வேண்டுமன்றோ? மனச்சோர்வுக்குப் பழைய நாளில் கொடுத்த மருந்துகள் சில இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடியவை. ஆதலின் இதயநோயாளிக்கு அவற்றைக் கொடுக்க மருத்துவர் அஞ்சினர். 2002இல் 369 பேரிடம் நடந்த ஆய்வொன்று, செர்ட்ரலின் என்னும் புதிய மருந்து மாரடைப்புக்கு ஆளானவர்க்கும் தீங்கின்றிப் பயன்படுவதைக் காட்டிற்று.

2003இல் வெளிவந்த மற்றொரு பேராய்வில் 2481 பேர் பங்கேற்றனர். அவர்களுள் ஒரு பாதியினர்க்குப் பயிற்சி பெற்றோர் பேச்சுவழி உளச்சிகிச்சை அளித்தனர். அவர்களின் சோர்வு தணிந்தது; தனிமை குறைந்தது. ஆனால் சாவும் மறு மாரடைப்பும் குறையவில்லை. ஏமாற்றம் தந்த முடிவு இது. 2018இல் தென்கொரியாவில் 300 பேரை எட்டாண்டுக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வு வேறொன்றைக் கூறிற்று. எஸ்சிடலோப்ராம் என்னும் மருந்தை 24 வாரம் உட்கொண்டவர்களுள் நூற்றுக்கு 41 பேரே பெரிய இதயச் சிக்கல்களுக்கு ஆளாயினர்; வெற்று மாத்திரை பெற்றவர்களுள் 54 பேர். ஆயினும் இறந்தோர் தொகையை மட்டும் தனியே எடுத்துக் கணித்தால் தெளிவான வேற்றுமை இல்லை. இதயம் வலுவிழந்து நீர்க்கோப்பு உண்டானோரிடம் இத்தகைய மருந்துகளைச் சோதித்தபோது போதிய பயன் காணப்படவுமில்லை.

ஆக, சோர்வைத் தீர்த்தால் ஆயுள் நீளும் என்று இன்று உறுதியாகக் கூறுதல் இயலாது. அங்ஙனமாயின் மருத்துவம் எதற்கு என்று சிலர் வினவலாம். ஆயுள் நீளாவிடினும், எஞ்சிய ஆயுளை இருட்டில் கழிக்க வேண்டுமென்பது என்ன நியதி? கால்முறிவைச் சேர்த்துக் கட்டுவது ஆயுளை நீட்டுவதற்காகவா? வலி வலிதான்; அதைத் தீர்ப்பதே அதற்குப் போதிய காரணம். மேலும், உடற்பயிற்சி என்னும் மருந்து இரு நோய்க்கும் பொதுவாக நிற்கிறது. 2012இல் அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் புளூமென்தால் 101 இதயநோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், மேற்பார்வையோடு கூடிய உடற்பயிற்சியும் செர்ட்ரலின் மருந்தும் சோர்வைத் தணிப்பதில் ஏறத்தாழ ஒத்த பயனே தந்தன. முஃபர்ரிஹ் என்னும் பெயருக்கு இன்று உரியது இந்நடைப்பயிற்சிதான் எனலாம்.

நம் இல்லங்களில்

இனி, நம் இல்லங்களை நோக்குவோம். வளைகுடா நாட்டில் இருபது ஆண்டு உழைத்துக் குடும்பத்தைத் தாங்கியவர் மாரடைப்போடு ஊர் திரும்புகிறார். நேற்றுவரை எல்லாரும் அவரிடம் கேட்டு நடந்தனர். இன்று அவர் காதில் எதுவும் விழக்கூடாதென்று மறைத்துப் பேசுகின்றனர். வீட்டையே தம் கையில் வைத்து நடத்திய உம்மா மருத்துவமனையிலிருந்து வருகிறார். அடுப்படிப் பக்கமே வர வேண்டாமென்று மருமக்கள் அன்போடு தடுக்கின்றனர். அன்புதான்; ஐயமில்லை. ஆயினும் ஆறு வாரக் கட்டிற்சிறையை நாம் அன்பின் பெயரால் மீண்டும் கட்டியெழுப்புகிறோம். மருத்துவர் இசைவு தந்த அளவுக்கு அவர்கள் நடக்கட்டும்; கடைக்கணக்கைப் பார்க்கட்டும்; கறிகாய் நறுக்கட்டும்; வீட்டுக் காரியங்களில் அவர்களுடைய யோசனையைக் கேட்போம்.

மாரடைப்புக்குப் பின் சில நாள் மனம் வாடுவது இயல்பு. பலருக்கு அது தானே தணிந்து விடும். இரு வாரத்துக்கு மேலாக நாளின் பெரும்பகுதி துயரம் நீடித்தாலோ, முன்பு விரும்பியவற்றில் விருப்பம் அற்றுப்போனாலோ, உறக்கமும் உணவும் மாறிப்போனாலோ, ‘நான் எல்லாருக்கும் பாரம்’ என்னும் சொல் அடிக்கடி வாயில் வந்தாலோ, அது இயல்பான வாட்டம் அன்று. களைப்பை இதயத்தின் மேல் போட்டுவிட்டு, சோர்வைக் காணாது விடுதல் எளிது. ஆதலின் அடுத்த முறை இதய மருத்துவரிடம் செல்லும்போது, நோயாளி சொல்லத் தயங்கினாலும் உடன் செல்வோர் சொல்ல வேண்டும். இரண்டே வினாக்கள் போதும்: கடந்த இரு வாரங்களாக மனம் சோர்ந்திருக்கிறதா? எதிலும் ஈடுபாடு இல்லாமல் இருக்கிறதா? உலகெங்கும் மருத்துவர் முதற்சோதனையாகக் கேட்பவை இவையே.

மனச்சோர்வுக்கான மாத்திரைகளைத் தாமாக வாங்கி உண்ணலாகாது. அவற்றுள் சில, மாரடைப்புக்குப் பின் கொடுக்கும் ஆஸ்பிரின் போன்றவற்றோடு சேர்ந்து குருதிக் கசிவை மிகுவிக்கக் கூடும். யூனானி மருந்தாயினும் அவ்வாறே. எதை உண்கிறோம் என்பதை இதய மருத்துவர் அறிந்திருக்க வேண்டும். உயிரின் மேல் வெறுப்புக் காட்டும் பேச்சு வருமாயின் ஒரு நாளும் தாமதித்தல் கூடாது. இந்திய அரசு 2022இல் தொடங்கிய 14416 என்னும் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே உளநல ஆலோசனை பெறலாம்.

‘தொழுகிறவனுக்கு எதற்கு மனக்கவலை?’ என்று கேட்டு நோயாளியின் வாயை அடைப்போரும் நம்மிடையே உண்டு. அக்கேள்வியால் துயரம் தீர்வதில்லை. துயரத்தோடு வெட்கமும் சேர்கிறது, அவ்வளவே. வணக்கம் ஆறுதல் தரும். அதை எவரும் மறுக்கவில்லை. ஆயினும் நெஞ்சுவலிக்கு மருத்துவரை நாடுவது நம்பிக்கைக் குறைவு அன்று எனில், நெஞ்சத்தின் வலிக்கு நாடுவது மட்டும் எங்ஙனம் குறைவாகும்?

அரபியில் ‘கல்பு’ என்னும் சொல் இதயத்தையும் குறிக்கும், உள்ளத்தையும் குறிக்கும். தமிழில் ‘நெஞ்சு’ என்பதும் அப்படியே. இரு மொழியிலும் நம் முன்னோர் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தனர். மருத்துவம் சில நூற்றாண்டு அவற்றைப் பிரித்து வைத்திருந்து, இப்போது மீண்டும் சேர்த்துப் பார்க்கிறது. நம் வீட்டு நோயாளியின் மாத்திரைகளை வேளை தவறாது எடுத்துக் கொடுக்கும் நாம், அதே வேளையில் அவர் அருகே சற்று அமர்ந்து, ‘மனசு எப்படி இருக்கிறது?’ என்றும் கேட்போமாக.